ஒரு மீட்டர்

பாறையைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் உயரம் தெரிந்த ஏதாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படத்தில் மலையும் கூழாங்கல்லும் ஒன்றுதான். கோடைக்கால நிலவியல் பயிற்சிக்காகக் கடல் தாண்டி வந்த எங்கள் வகுப்பில், தேன்மொழியின் படங்களில் நிற்பவன் நான். முதல் நாளே உயரம் கேட்டாள். "நூத்தி எழுபத்தஞ்சு சென்டிமீட்டர்" என்றேன். நோட்டில் குறித்துக்கொண்டாள். பன்னிரண்டு நாள் வெயிலில் பாறை பாறையாக நின்றேன். அவள் என் பக்கம் பார்த்ததே போதுமாக இருந்தது.

பதின்மூன்றாம் நாள், முதலில் படம் எடுத்த பாறைக்கே திரும்பி வந்தோம். உள்ளூர் மாணவன் லூக்காவைக் கூப்பிட்டு நிறுத்தினாள். ஆறடிக்கு மேல் இருப்பான். "நீ ரெஸ்ட் எடுடா" என்றாள் என்னிடம். அவன் ஏதோ சொல்ல, கேமரா குலுங்கச் சிரித்தாள். நான் ஒரு நல்ல கல்லைச் சுத்தியலால் அடித்துப் பொடியாக்கினேன்.

சாயங்காலம் நோட்டோடு வந்தாள். "செழியா, அதே பாறைடா. உன்ன வச்சு கணக்குப் போட்டா உயரம் இருபத்தொரு மீட்டர் வருது, அவன வச்சு இருபதுதான் வருது. ஒரு மீட்டர் எங்கடா போச்சு?"

"அவன் பொய் சொல்லியிருப்பான்."

"அவன இப்பதான் டேப் வச்சு அளந்தேன். ஷூவக் கழட்டிட்டு வா."

பாறையில் சாய்ந்து நின்றேன். நோட்டை என் தலைமேல் வைத்தாள். அவனை அளக்க எம்பியிருப்பாள். என்னிடம் எம்பவில்லை.

"அசையாத" என்றாள், நோட்டைப் பார்த்தபடி.

என் குதிகால்கள் மெல்ல எழும்பின.