ஆறு சக்கரத்துக்குப் புதுப் பட்டை

"பூட்டி வெச்ச பீரோவுக்குள்ள இருந்த எஞ்சின் இது. இதோட சக்கரம் எப்படி பாய் தேயும்?"

உடையப்பன் கேட்டது லேத் பட்டறை அமீர் ஹம்சாவிடம். பார்த்தது, பெட்டியைச் சுமந்து வந்திருந்த ஆண்டியப்பனை.

ஒன்றரை முழ நீளத்தில் ஒரு பொம்மை ரயில் எஞ்சின். உடையப்பனைப் பெற்ற அப்பச்சி ரங்கூனில் ஆசைப்பட்டு வாங்கியது. தண்ணீர் ஊற்றி ஸ்பிரிட் விளக்கை ஏற்றினால், நிஜ ரயில் மாதிரியே ஆவி விட்டுக்கொண்டு ஓடும்.

அப்பச்சி காலமாகி மூன்று மாதம். எஞ்சினை மெட்ராஸுக்கு எடுத்துப் போகலாம் என்று வந்த உடையப்பன், காலையில் ஓட்டிப் பார்த்தார். வளைவுக்கு வளைவு தடம் புரண்டது.

பாய் சக்கரத்தை விரலால் தடவினார். "விளிம்பு கத்தி மாதிரி ஆயிருச்சு செட்டியாரே. கடைஞ்சு சின்னதாக்கி, மேல எஃகுப் பட்டை ஏத்தித் தாரேன். மாட்டுவண்டிக்குப் போடுற மாதிரிதான். காய்ச்சி மாட்டுனா, ஆறும்போது இறுக்கிப் புடிச்சுக்கிரும்."

"நான் கேட்டதுக்கு அது பதில் இல்லையே."

பாய் லேத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான்தான் ஓட்டினேன்" என்றார் ஆண்டியப்பன். இருபது வருஷமாக அந்தப் பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்பவர்.

"எத்தனை தடவை?"

"தெனமும். ஒரு வருசமா."

"எதுக்கு?"

ஆண்டியப்பன் காலிப் பெட்டியை மூடி ஓரமாக வைத்தார்.

"அப்பச்சி முடியாமக் கிடந்தப்ப நீ பொம்மை ஓட்டி விளையாடியிருக்க. இன்னும் எதெதுல கை வெச்சியோ. சாவியை வெச்சுட்டுக் கிளம்பு."

ஆண்டியப்பன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

உடையப்பனுக்கு உட்கார முடியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார். சாயங்காலம் ரயில். லேத் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னும் எம்புட்டு நேரம் பாய்?"

"மயிரிழை பிசகுனாலும் பட்டை நிக்காது. செத்த பொறுங்க."

பாய் ஒரு வளையத்தை நீலம் பாயக் காய்ச்சி, இடுக்கியால் எடுத்துச் சக்கரத்தின்மேல் இறக்கினார். கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்தது. அதற்கு அடுத்தது.

மூன்றாவதை மாட்டியதும் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆண்டியப்பன் சொல்லாதீகன்னு கண்ணக் காட்டுனாரு. என் மனசு கேக்கல. இந்தப் பொம்மையோட தண்டவாளம் ஒண்ணு விட்டுப்போச்சுன்னு ஒரு நா உங்க வீட்டுக்கு ஒட்டவைக்க வந்தேன். அப்பப் பாத்ததுதான். உங்க அப்பச்சிக்கு நினைப்புத் தப்பிப்போச்சுல்ல, பொழுது சாஞ்சா சட்டையப் போட்டுக்கிட்டு, மகன் மெட்ராஸ் ரயில்ல வர்றான்னு ஸ்டேஷனுக்குக் கிளம்பிருவாகளாம். ஒரு நா நிஜத் தண்டவாளத்துலயே விழுந்து கிடந்திருக்காக."

உடையப்பன் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

"அதுக்கப்புறம்தான் ஆண்டியப்பன் இத வெளிய எடுத்தாரு. வளவு முத்தத்துல ஓட்டிக் காட்டி, 'ரயிலு வந்திருச்சு, இதுல தம்பி வரல, நாளைக்கு வருவாக'ம்பாரு. அதக் கேட்டாத்தான் உங்க அப்பச்சி சாப்பிட உக்காருவாக."

"எனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே..."

"மூணு கடுதாசி போட்டாராம்."

வந்திருந்தன. 'அடுத்த மாதம் வருகிறேன்' என்று மூன்றுக்கும் பதில் போட்டிருந்தார்.

மீதி மூன்று சக்கரமும் அப்படியே கிடக்க, உடையப்பன் பட்டறையை விட்டு இறங்கினார். முதலில் வேகமாக நடந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

பஸ் ஸ்டாண்டில், ஆண்டியப்பனின் ஊருக்குப் போகும் தேவகோட்டை பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஜன்னலோரம் ஆண்டியப்பன்.

"ஆண்டியப்பா, இறங்கு. பாய் எல்லாம் சொல்லிட்டாரு." மூச்சு வாங்கியது. "நான் அவ்வளவு பேசுறேன், நீ ஏன் வாயத் திறக்கல?"

ஆண்டியப்பன் இறங்கி வந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒண்ணச் சொன்னா இன்னொண்ணையும் சொல்லணுமே தம்பி. கடைசி நாளு, ரயிலு நின்னதும் என் கையப் புடிச்சுக்கிட்டு, 'வந்துட்டியா உடையப்பா'ன்னு கேட்டாக. நான் 'வந்துட்டேன் அப்பச்சி'ன்னுட்டேன். அத எந்த வாயால உங்ககிட்டச் சொல்லுவேன்?"