மூன்றாம் தரம்

"அறுநூறு ரூபா ஒரு தரம். அறுநூறு ரூபா ரெண்டு தரம்."

ஏலம் கூறிய முத்தையன் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை.

பூவம் சுப்ராயனுக்கு நிம்மதி. எல்லாம் பேசி வைத்தபடியே நடந்தது.

காரைக்கால் வட்டாரத்தில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லோரும் முந்தின நாளே டீக்கடையில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டார்கள். செத்துப்போன கருப்பையனின் மைக்செட்டைச் சுப்ராயன் மட்டும் கேட்பது. மற்றவர்கள் சும்மா நிற்பது. அதற்குப் பதிலாக, கல்யாண சீசனில் கேட்டவர்களுக்கெல்லாம் அவன் செட்டை இரவல் கொடுப்பது.

ஆம்ப்ளிஃபயர், ரெண்டு குழாய் ஸ்பீக்கர், மைக், ரிக்கார்டு பிளேயர், ஒரு பெட்டி நிறைய சினிமாப் பாட்டுத் தட்டு. எல்லாம் சேர்த்து அறுநூறு.

"அறுநூறு ரூபா மூணாவது..."

"அறுநூத்திப் பத்து."

குரல் பின்னாலிருந்து வந்தது. இரும்புக்கடை மன்சூர் அலி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சுப்ராயனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிற மனுஷனுக்கு மைக்செட் எதற்கு?

"எழுநூறு," என்றான், ஒரேயடியாக வாயை அடைக்கிற மாதிரி.

மன்சூர் அலி பேசவில்லை. முதல் தரம் போனது. ரெண்டாம் தரம் போனது. வெறுமனே நின்றார். முத்தையன் மூன்று என்று வாயெடுத்தபோது, "எழுநூத்திப் பத்து," என்றார்.

அப்புறம் ஒவ்வொரு முறையும் அதே கதைதான். எண்ணூறுக்கும் அப்படி, ஆயிரத்துக்கும் அப்படி. கடைசி நொடி வரை வாயை மூடிக்கொண்டு நிற்பார். முடிந்தது என்று சுப்ராயன் மூச்சு விடும்போது பத்து ரூபாயை ஏற்றுவார்.

"பாய் வீட்டுல ஏதும் கல்யாணமா?" பக்கத்தில் நின்ற இன்னொரு மைக்செட்காரன், குரும்பகரம் நீலகண்டன், காதைக் கடித்தான்.

"கல்யாணம்னா வாடகைக்கு எடுத்தா போதாதா?"

"ஒருவேளை புதுசா தொழில் ஆரம்பிக்கிறாரோ?"

அதைக் கேட்டதும் சுப்ராயன் மன்சூர் அலியைத் திரும்பிப் பார்த்தான். காசு உள்ள ஆள். இந்த செட்டோடு தொழிலில் இறங்கினால் இருக்கிற கல்யாண ஆர்டரெல்லாம் அவரிடம் போய்விடும்.

"பாய், புருஷனைப் பறிகொடுத்த பொம்பளை வீட்டு வாசல்ல வந்து ஏன் இப்படி விளையாடுறீங்க?" என்றான் சுப்ராயன்.

"நான் விளையாடலைங்க. நீங்க கேளுங்க."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "இவ்வளவு வசதி இருந்தும் இந்த ஆளுக்கு ஆசையைப் பாரு," என்று யாரோ சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கும்.

சுப்ராயன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான். "ஆயிரத்து அறுநூறு."

ஒரு தரம். ரெண்டு தரம். எல்லோரும் மன்சூர் அலியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் தரமும் முடிந்தது.

ஜெயித்தோமா தோற்றோமா என்றே சுப்ராயனுக்குத் தெரியவில்லை. கையிலிருந்ததோடு நீலகண்டனிடமும் வாங்கிச் சேர்த்து முத்தையனிடம் கட்டிவிட்டு, நேரே மன்சூர் அலியிடம் போனான்.

"உங்களுக்கு மைக்செட் எதுக்கு பாய்?"

"எனக்கு எதுக்குங்க?"

"அப்புறம் ஏன் கேட்டீங்க?"

"அது என்ன பெறும்னு என்னைவிட உங்களுக்குத் தெரியும். இத்தனை பேரு வந்து நின்னு ஒருத்தர் மட்டும் கேட்டா, எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

சுப்ராயன் சட்டென்று பேச்சை மாற்றினான். "கேக்குறதை முதல்லயே கேட்டிருக்கலாம்ல? ஒவ்வொரு தடவையும் கடைசி வரைக்கும் நிப்பானேன்?"

"உங்கள்ல ஒருத்தராவது நியாயமான விலை கேப்பீங்கன்னு பார்த்தேன். கருப்பையன் உங்க கூட்டாளிதானே."

"நான் நடுவுல விட்டிருந்தா?"

"எடுத்திருப்பேன். அதுக்குத்தான் பணத்தோட வந்தேன்." சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "நீங்க எல்லாம் சேர்ந்து வசூல் பண்ணிக் கொடுத்த பணத்தை கருப்பையன் சம்சாரம் வேண்டாம்னு திருப்பிட்டாளாமே. கையில கொடுத்தா வாங்கமாட்டா. ஏலத்துல வந்தா அது அவ காசு."

அதற்குள் கருப்பையனின் மனைவி கமலாம்பாள் வெளியே வந்தாள். மன்சூர் அலியை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சுப்ராயன் முன்னால் வந்து கைகூப்பினாள்.

"அண்ணே, கதவுக்குப் பின்னாலதான் நின்னுக்கிட்டு இருந்தேன். அறுநூறோட முடிஞ்சிடும்னு பயந்து போயிட்டேன். மாடு வாங்கிப் பால் ஊத்திப் பொழைக்கலாம்னு இருக்கேன், அந்தப் பணத்துக்கு என்ன மாடு வரும்? பாய் கேக்கக் கேக்க, எங்க வீட்டுக்காரரு செட்டு வெளியாள் கைக்குப் போகக் கூடாதுன்னு நீங்க கூடக் கூடக் கேட்டீங்களே. கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான்."

சுப்ராயனுக்கு முகம் சுண்டிவிட்டது.

"இல்ல தங்கச்சி, அது வந்து... நான் இல்ல..." என்று தடுமாறி, மன்சூர் அலி பக்கம் கையை நீட்டினான்.

மன்சூர் அலி சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

"நானும் எவ்வளவோ பார்த்தேம்மா. உங்க அண்ணன் விட்டுக் கொடுக்கவே இல்ல."