மூன்று சுழி

"இது என் பொண்ணோட கையெழுத்தும்மா. ஆயிரம் பேர் எழுத்தைக் கலந்து வச்சாலும் கண்டுபிடிச்சிடுவேன்."

நூலகச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒட்டியிருந்த மூன்று சுழி 'ண'வைத் தடவிக்கொண்டே சொன்னார் பெரியவர். எழுத்துக்காரி மேசையிலிருந்து எழுந்து வந்தாள். புதிய எழுத்துருக்களை வரைவது அவள் பிழைப்பு. அதனால் நூலகத்தில் எல்லோரும் அவளுக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

நூலகத்துக்கென்று தனி எழுத்துரு வேண்டும், அதை ஊர் மக்களே எழுதித் தர வேண்டும் என்று முடிவாகி ஒன்பது மாதமாகிறது. இரண்டாயிரம் பேர் கட்டம் போட்ட படிவத்தில் எழுதிக் கொடுத்தார்கள். எந்த எழுத்துக்கு யார் கை என்பதையும் பெயரை மறைத்து வைத்து ஓட்டுப் போட்டு அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். 'ண'வுக்கு மட்டும் போட்டியே இல்லை. இரண்டாவது சுழியிலிருந்து மூன்றாவதுக்குப் போகும் இடத்தில் பேனா லேசாகத் துள்ளியிருந்தது. அதில் ஊரே சொக்கிப்போனது.

"அந்த இடத்துல துள்ளுது பாருங்க, அது அவதான். நானும் எவ்வளவோ திருத்திப் பாத்தேன், மாத்திக்கவே இல்ல." பெரியவர் அவள் பக்கம் திரும்பினார். "வீட்டை விட்டுப் போய் ஏழு வருஷம் ஆச்சு. தேடாத இடமில்ல. பேப்பர்ல இந்த எழுத்தைப் பாத்ததும் பஸ் ஏறிட்டேன். விலாசம் மட்டும் குடும்மா."

"குடுக்கக் கூடாதுங்கய்யா. யார் எழுதினாங்கன்னு வெளியாளுக்குச் சொல்ல மாட்டோம்னு வாக்குக் குடுத்துதான் வாங்கியிருக்கோம்."

"பெத்த அப்பன் வெளியாளா?"

எழுத்துக்காரி பேச்சை மாற்றினாள்.

"என்ன கோவத்துல போனாங்க?"

"பெருசா ஒண்ணும் இல்லம்மா. கண்டிச்சு வளர்த்தா எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்குது?" துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் வயசாச்சு. கண்ணை மூடறதுக்குள்ள ஒரு தடவை அவளைப் பாத்துடணும்."

எழுத்துக்காரியின் அப்பா இறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கடைசி இரண்டு வருஷம் அவள் அவரோடு பேசவே இல்லை. எதற்காக முறைத்துக்கொண்டோம் என்பதுகூட இப்போது சரியாக நினைவில்லை. தகவல் வந்து ஓடியபோது முகத்தை மூடிவிட்டிருந்தார்கள். அதை நினைத்து அவள் அழாத நாளில்லை. முகம் தெரியாத அந்தப் பெண்ணும் இப்படி வந்து நிற்க வேண்டுமா?

வாக்காவது ஒன்றாவது என்று உள்ளே போனாள். அலமாரியிலிருந்து படிவத்தை உருவி, அடியில் இருந்த விலாசத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

"இங்கேருந்து பத்து நிமிஷம்தான். நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லாதீங்க."

பெரியவர் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ நல்லா இருப்பே." வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் படியிறங்கி டாக்ஸியில் ஏறிவிட்டார்.

நூலகர் எட்டிப் பார்த்தார். "யாரு அவரு, இந்த ஓட்டம் ஓடறாரு?"

"நம்ம 'ண' எழுதின பொண்ணோட அப்பா. ஏழு வருஷமா தேடிட்டு இருக்காரு. மனசு கேக்கலை, விலாசத்தைக் குடுத்துட்டேன்."

நூலகர் அங்கேயே நின்றுவிட்டார். "படிவத்தோட பின்பக்கத்தைப் படிச்சியா?"

"நான் எங்க படிச்சேன்? எழுத்தைப் பாப்பேன், அவ்வளவுதான். படிக்க ஆரம்பிச்சா வடிவம் கண்ணுல நிக்காது."

உண்மைதான். ஒன்பது மாதமாக அந்தப் படிவத்தின் முன்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவள், ஒருநாள்கூட அதைத் திருப்பியதில்லை. இப்போது உள்ளே ஓடிப்போய்த் திருப்பினாள். உங்கள் கையெழுத்தைப் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்ற கேள்விக்குக் கீழே, துள்ளித் துள்ளி எழுதியிருந்தது:

'ண-வைத் தப்பாக எழுதினேன் என்று அப்பா என் விரலைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினார். உடைந்த எலும்பு வளைந்தே ஒட்டிக்கொண்டது. அவர் இன்னும் என்னைத் தேடுகிறார், தயவுசெய்து என் விலாசத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.'