மாட்டாத பொத்தான்

"இழுங்கப்பா... இன்னும் கொஞ்சம்... மூச்சை விட்டுடாதீங்க!"

மகள் சோபாவில் ஏறி நின்று கத்தினாள். கூடத்துக் கண்ணாடிக்கு முன்னால் அப்பா கண்ணை இறுக மூடி, வயிற்றை முதுகெலும்புவரை உள்ளே இழுத்து, முகம் சிவக்க நின்றுகொண்டிருந்தார். பேண்ட்டின் பொத்தானும் அதன் துளையும் மனஸ்தாபப்பட்ட சம்பந்திகள் மாதிரி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டனவே தவிர, கிட்டே நெருங்கவில்லை.

"ப்ச்!" மூச்சு வெளியே வந்தது. "இந்த வாரமும் இல்ல. ஆனா விட மாட்டேன்."

ஞாயிறுதோறும் நடக்கும் நாடகம் இது. போன புத்தாண்டுக்கு முந்தைய புத்தாண்டன்று, கல்யாணத்துக்குத் தைத்த பேண்ட்டைப் பீரோவின் அடியிலிருந்து எடுத்து, கூடத்து ஆணியில் மாட்டி அவர் சபதம் போட்டார். "இது என் இடுப்புல ஏறி பட்டன் மாட்டுற வரைக்கும் இந்த வீட்டுல எண்ணெய் கிடையாது, சர்க்கரை கிடையாது. எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும்!"

அன்றிலிருந்து வீட்டில் வேகவைத்த முட்டைக்கோஸ். ஒரு மாறுதல் வேண்டுமென்றால், வேகவைக்காத முட்டைக்கோஸ்.

சும்மா சொல்லக் கூடாது, சபதத்தால் மனிதருக்கு யோகம் அடித்தது. அதுவரை காப்பீட்டு அலுவலகத்தின் தபால் பிரிவில் அவர் இருமினால்கூட யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. வீட்டில் டிவி ரிமோட் அவர் கைக்கு வந்ததே இல்லை.

இப்போதோ 'சபதம் சார்' என்று பட்டப்பெயர். லிஃப்டில் மேனேஜரே, "என்ன சார், பட்டன் மாட்டிச்சா?" என்று நின்று விசாரிக்கிறார். ஆண்டு விழாவில் மன உறுதியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைத் திரும்ப வாங்க இரண்டு பேர் மேடையேற வேண்டியிருந்தது.

"அப்பா, அடுத்த ஞாயிறு என் பிறந்த நாள்" என்றாள் மகள். "கேக் உண்டா இல்லையா? இப்பவே சொல்லிடுங்க."

"பட்டன் மாட்டினா கேக். மாட்டலேன்னா வெள்ளரிக்காய்ல மெழுகுவத்தியக் குத்தி ஊது."

"போன வருஷம் ஊதினேன்ல! கிளாஸ்ல இன்னும் என்னை 'வெள்ளரிக்கா'ன்னுதான் கூப்பிடுறாங்க."

"லட்சியம்னா தியாகம் இருக்கத்தான் செய்யும்" என்று மேடையில் போலவே கையை ஓங்கி ஆட்டினார். ஆட்டிய வேகத்தில், கழன்று விழாமலிருக்க நூல் சுற்றியிருந்த கல்யாண மோதிரம் விரலில் முன்னும் பின்னும் ஓடியது. "கோழைதான் பாதியில விடுவான். நான் அந்த ஜாதி இல்ல."

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, கல்யாணத்தப்போ நீங்க நிஜமாவே இவ்வளவு ஒல்லியாவா இருந்தீங்க?"

"கம்பி மாதிரி இருந்தேன்டி. நீ எங்க என்னைப் பாத்தே? குனிஞ்ச தலை நிமிரலையே!"

"நிமிர்ந்திருந்தா இந்த முட்டைக்கோஸ் வேற எவ தலையிலயாவது விடிஞ்சிருக்கும்."

மகள் கண் கலங்க உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவரோ, இந்த வாரத் தோல்வியை நாளைக்கு அலுவலகத்தில் எவ்வளவு உருக்கமாகச் சொல்லலாம் என்று கண்ணாடியைப் பார்த்து ஒத்திகையில் இறங்கிவிட்டார்.

மறுநாள் அவர் தலை மறைந்ததும் மனைவி பேண்ட்டை ஆணியிலிருந்து உருவிப் பைக்குள் திணித்தாள். இந்த மனுஷனை நம்பினால் பெண்ணுக்கு இந்த ஜென்மத்தில் கேக் கிடையாது. இடுப்பைக் கொஞ்சம் பிரித்துவிட்டால் பொத்தான் மாட்டிவிடும். தானே சாதித்ததாக ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார். பீற்றட்டுமே, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறினால் சரி.

"அண்ணே, இடுப்புல ரெண்டு விரக்கடை பிரிச்சு விடணும்" என்றாள் தெருமுனைத் தையல்காரரிடம். "வெளிய தெரியக் கூடாது. முக்கியமா அவருக்குத் தெரியவே கூடாது."

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். பேண்ட்டைக் கையில் வாங்கினார், புரட்டிக்கூடப் பார்க்காமல் மேஜையில் வைத்தார்.

"பிரிக்கணுமா?"

"ஏன், உள்ள துணி இல்லையா?"

"துணிக்கு என்னம்மா, தாராளமா இருக்கு."

"அப்புறம் என்ன யோசனை? சனிக்கிழமைக்குள்ள வேணும்ணே. பொண்ணுக்குப் பிறந்த நாள்."

"சார் என்னைத் திட்டுவாரும்மா."

"அவருக்கு எப்படித் தெரியும்? பட்டன் மாட்டினதும் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கப் போறாரு. உங்களை ஏன் திட்டுறாரு?"

தையல்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீங்க வேறம்மா... பட்டன் மாட்டுற மாதிரி ஆனாப் போதும், உடனே கொண்டாந்து இடுப்பை இன்னும் சின்னதாப் பிடிச்சுத் தைக்கச் சொல்றதே அவர்தான்!"