நடுக்கோடு

"ரிட்டயராக ரெண்டு மாசந்தான் இருக்கு. ஸ்கூல்ல வாயத் திறக்காதீங்க," என்று மனைவி காலையில் செல்லப்பாண்டியிடம் சத்தியமே வாங்கியிருந்தாள்.

மறுநாள் பெண்பிள்ளைகளுக்கு மாவட்டப் போட்டி; இன்று கடைசிப் பயிற்சி. கபடிக் களத்தின் நடுவிலே தாளாளரின் புதுக் கார் நின்றது. பி.டி. வாத்தியார் செல்லப்பாண்டி, நகர்த்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"அய்யா வண்டி சார், வெயில்ல விட முடியாது," என்றான் டிரைவர், சீட்டில் சாய்ந்தபடியே.

செல்லப்பாண்டி முப்பது வருடமாக அந்தக் களத்தில் கோடு போட்டவர். கரைத்த சுண்ணாம்பு வாளியைத் தூக்கினார். அவர் இழுத்த நடுக்கோடு காரருகே நிற்கவில்லை. பானெட்டில் ஏறி, கண்ணாடியைக் கடந்து, கூரை தாண்டி, மறுபக்கம் மண்ணில் இறங்கியது. டிரைவர் அலறிக்கொண்டு வெளியே குதித்தான்.

பெண்பிள்ளைகள் காருக்கு இருபுறமும் அணிபிரிந்து நின்றார்கள். செல்லப்பாண்டி அப்போதுதான் வாயைத் திறந்தார், விசிலை வைப்பதற்கு.