முகிலின் மீதி

குருநகர் இறங்குதுறையில் பொழுது படுகிறது. கட்டிவைத்த வள்ளத்தில் இருந்தபடி யாகோப்பு கைபேசியை இரு கையாலும் பிடித்திருக்கிறார். மனைவி ஸ்ரெல்லா அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறாள். திரையில் பெரு நாட்டின் காலை வெயில். பிரான்சில் படிக்கும் மகள் றொசாந்தி, விடுமுறைக்கு முதுகுப்பையோடு அந்த நாட்டைச் சுற்றுகிறாள். தோட்டங்களில் கூலியில்லாமல் வேலை செய்து அங்கேயே தங்குகிறாள். இப்போது தன் கைபேசியைக் கல்லொன்றில் சாத்திவிட்டுப் பையை எடுக்கிறாள். "இஞ்சை கிழங்கு கிண்டி முடிஞ்சுது அப்பா. மலையாலை ஏறி அடுத்த தோட்டத்துக்கு நடக்கப்போறன். தனியத்தான்." அவளுக்குப் பின்னால், திரையின் மேல் மூலையில், அடி கறுத்த முகிலொன்றின் கரை மட்டும் தெரிகிறது. புல்லெல்லாம் ஒரே பக்கம் சாய்கிறது. நாற்பது வருடம் கடலில் முகில் பார்த்த மனிதர், மீதியையும் பார்க்கக் கைபேசியை மெல்ல மேல்நோக்கிச் சரிக்கிறார். முகில் அதே துண்டாய் நிற்கிறது. "உங்கை எந்தப் பக்கக் காத்து, பிள்ளை?" "என்னப்பா? கேக்கேல்லை..." படம் அப்படியே உறைகிறது. "உந்தப் போனை ஆட்டாதேங்கோ, லைன் அறுந்துபோச்சுது" என்கிறாள் ஸ்ரெல்லா. அவர் இன்னும் கொஞ்சம் சரிக்கிறார். பிறகு கைபேசியை வாயருகே கொண்டுவந்து, "வெளிக்கிடாதை பிள்ளை" என்கிறார். உறைந்த படத்தில் றொசாந்தி, பையின் ஒரு வாருக்குள் கையை நுழைத்தபடி, சிரித்துக்கொண்டே நிற்கிறாள்.