மாமாவுக்கு மட்டும் எழுத்து

"நல்லா இருக்கு நியாயம்! எனக்கு நாலு போட்டோ, ஒரு வீடியோ. உங்களுக்கு மட்டும் வெறும் எழுத்தா?"

மாமியார் தன் போனைக் கணவரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். பேத்தி முதல்முறையாகக் குப்புற விழுந்த படம்.

"அடடே, அழகா இருக்கா!" என்றார் மாமனார்.

"ரோஷமே கிடையாதா உங்களுக்கு? அக்கம்பக்கத்துக்கெல்லாம் போட்டோ போகுது. மாமனாருக்கு ரெண்டு வரி!"

"பத்து வரி எழுதுறா. பாவம், அவளை விடு."

விடுவதா? மாமியார் அந்த நிமிஷமே மருமகளைப் போனில் பிடித்தாள்.

"ஏம்மா, மாமாவுக்குப் போட்டோ அனுப்பினா விரல் தேஞ்சிடுமா?"

"இல்ல அத்தை... மாமாவுக்கு எழுதித்தான் அனுப்புவேன்."

"அதான் ஏன்?"

"குழந்தை அழறா அத்தை, அப்புறம் பேசட்டுமா?"

"இவ்வளவு அழுத்தம் ஆகாதும்மா! அடுத்த மாசம் குழந்தையோட வரேன்னியே, வரவே வேண்டாம். மதிப்பில்லாத இடத்துக்கு எதுக்கு வரணும்?"

"சரி அத்தை." குரல் உடைந்திருந்தது.

வரவேண்டாம் என்ற மாமியாரே பேத்தியை இன்னும் கையில்கூட வாங்கவில்லை. ஆனாலும் இறங்கிப் போக மனசு வரவில்லை.

கால் மணி நேரம் சமையலறையில் பாத்திரங்களை உருட்டிவிட்டு வந்து பார்த்தால், மாமனார் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

"இங்க வீடு ரெண்டு படுது, உங்களுக்குப் பாட்டு கேக்குதா?"

ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு. போனிலிருந்து இயர்போன் கழன்று வந்தது. பாட்டு இல்லை. வந்திருந்த மெசேஜைப் போன் ஏற்ற இறக்கமில்லாத குரலில் வாசித்துக்கொண்டிருந்தது.

"...குப்புற விழுந்துட்டு, மலையையே புரட்டிட்ட மாதிரி எல்லாரையும் ஒரு பார்வை பாத்தா மாமா. மூக்கு அப்படியே அத்தை மூக்கு. கோபம் வந்தா அதே மாதிரி சிவக்குது. அத்தை இப்பதான் திட்டினாங்க. பரவாயில்ல, நான் வாயைத் திறக்கல. ஆனா பயந்துடுவாங்கன்னு இன்னும் எத்தனை நாள் மறைப்பீங்க? படம் எதுவும் தெரியாத அளவுக்கு உங்க பார்வை மங்கிடுச்சுன்னு நீங்களே சொல்லிடுங்க. ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். தேதியும் வாங்கிட்டேன். அதுவரைக்கும் நான் எழுதுறேன், நீங்க கேட்டுக்கோங்க."

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார்.

மாமியார் அவர் கையைப் பிடித்தபடியே மருமகளை மறுபடி அழைக்கப் பார்த்தாள். மணி அடிக்கும் முன்பே துண்டித்துவிட்டு, மெசேஜைத் திறந்தாள்.

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள்:

"அடுத்த மாசம் வேண்டாம். நாளைக்கே வந்துடும்மா."